அதிகாரி முகரும்வரை அணைக்கக் கூடாது

பல்செட்டுக்காரர் அன்று காலை பதினோரு மணிக்குச் சரியான காரியம் ஒன்றைச் செய்தார். படுக்கையறை ஏ.சி.யிலிருந்து கருகும் வாசனை வந்ததும் ரிமோட்டை எடுத்து அதை அணைத்தார். ஜன்னலைத் திறந்து வைத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் சொல்ல ஒன்றுமே இல்லை. பதினொன்றே காலுக்குப் புகார் செய்தார்.

வாசனையை முதலில் பிடித்தது அவர் மனைவி. அவள் ஒரு சலவை நிலையத்தில் வேலை பார்ப்பவள். மூன்று வாரத்துக்கு முன் அங்கே ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. காலுக்குத்தான் ஓய்வு கொடுக்கச் சொன்னார் மருத்துவர். வாயைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

"ஏங்க, அடுப்புல என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் வெக்கலியே."

"அப்ப என்ன கருகுது? உங்க மூளையா?"

அவர் மூக்கை உயர்த்தினார். இருபத்திரண்டு வருஷமாகப் பல்செட் செய்கிறவர். ஈறுக்கு வைக்கும் பிளாஸ்டிக்கை மெருகுச் சக்கரத்தில் கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டால் ஒரு வாசனை வரும். தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். அதே வாசனை. ஏ.சி.யிலிருந்து வந்தது.

அணைத்த பிறகும் அது முழுசாகப் போகவில்லை. ஏ.சி.க்குப் பக்கத்துச் சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டின் ஒரு மூலை பழுப்பேறியிருந்தது. கையை ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலே சூடு தெரிந்தது. ஆனால் பிளக்கின் மேல் குடியிருப்பு வாரியத்தின் சிவப்பு முத்திரைக் காகிதம் ஒட்டியிருந்தது. அதைக் கிழித்தால் வீடு போய்விடும்.

வீடு வாரியத்தின் வீடு. பதினோரு வருஷம் வரிசையில் நின்று கிடைத்தது. மூன்றாம் மாடி, இரண்டு அறை, ஏ.சி.யோடு. அந்த ஏ.சி. வாரியத்துக்குச் சொந்தம், அது விடும் காற்று குடியிருப்பவருக்கு. அது விடும் வாசனை யாருக்கு என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்து, கடைசியில் அதுவும் வாரியத்துக்கே என்று முடிவாயிற்று. நாற்பது வீட்டு மெயின் ஸ்விட்சுகளும் கீழ்த்தளத்தில் ஓர் அறையில் பூட்டியிருந்தன. இடி இடிக்கிறதே என்று பயந்து பிளக்கைப் பிடுங்கிய இரண்டாம் மாடிப் பாட்டு வாத்தியார், இப்போது யார் வீட்டு மாடிப்படிக்கடியிலோ உட்கார்ந்து பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்.

ஆகவே பல்செட்டுக்காரர் பிளக்கைத் தொடவில்லை. ஏ.சி.யின் நெற்றியில் ஒட்டியிருந்த எண்ணை அழைத்தார்.

"வணக்கம், வாசனைப் பிரிவு."

"அம்மா, ஏ.சி.ல கருகற வாசனை வருது."

"இப்ப ஓடுதா சார்?"

"இல்லம்மா, அணைச்சிட்டேன்."

மறுமுனையில் பேனா கீழே விழும் சத்தம் கேட்டது.

"யாரைக் கேட்டு சார் அணைச்சீங்க?"

"யாரைக் கேக்கணும்?"

"வாசனை வந்தா புகார் பண்ணணும் சார். நீங்களே அதை நிறுத்திட்டா நாங்க எதை வந்து முகர்றது?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பிரிவு தொடங்கிய புதிதில், வாசனை வந்ததும் ஜனங்கள் கருவியை அணைத்துவிட்டுப் புகார் செய்தார்கள். அதிகாரி வந்து முகர்ந்தால் ஒன்றுமே இருக்காது. ஒரே வருஷத்தில் நானூறு புகார் பொய்ப் புகாராகிவிட்டது. மேலிடம் கோபித்துக்கொண்டது. அன்றைக்கு வந்தது விதி: அதிகாரி முகரும்வரை கருவியை அணைக்கக் கூடாது. வாசனையிடமிருந்து குடியிருப்பவரைக் காப்பாற்ற ஆரம்பித்த பிரிவு, அதன் பிறகு குடியிருப்பவரிடமிருந்து வாசனையைக் காப்பாற்றி வருகிறது.

"என்ன மாதிரி வாசனை சார்? சமையல் கருகல், துணி, ரப்பர், முடி, செத்த பல்லி..."

"பிளாஸ்டிக் உருகற மாதிரி. கொஞ்சம் மீன் வாசனையும் சேர்ந்து வருது."

"மீன்னு சொன்னீங்கன்னா சமையல் பிரிவுக்கு மாத்திடுவேன். அவங்க அடுப்பைத்தான் பாப்பாங்க."

"மீன் வேண்டாம்மா. பிளாஸ்டிக்னே போடுங்க."

"ஜன்னல் திறந்திருக்கா?"

"திறந்துட்டேன்."

"மூடுங்க. வாசனை வெளிய போச்சுன்னா உங்க புகாருக்குத்தான் பலம் போகும். அப்புறம், நீங்க அணைச்சதை நான் கேக்கலைன்னு வெச்சுக்கறேன் சார். எழுதினா, கருவியில் தலையிட்டார்னு வந்துடும். அதுக்கு என்னன்னு உங்களுக்கே தெரியும். உடனே ஆன் பண்ணிடுங்க. அரை மணியில ஆள் வரும்."

அவள் குரலில் உண்மையான கனிவு இருந்தது. அதுதான் அவரைக் கலங்கடித்தது. போனை வைத்துவிட்டு ஜன்னலை மூடினார். ரிமோட்டை எடுத்தார்.

"ஆன் பண்ணாதீங்க," என்றாள் மனைவி.

"அரை மணி நேரந்தான்."

"அரை நிமிஷம் கூட வேண்டாம். படுத்திருக்கறது நான். என் தலைக்கு மேல தொங்குது அது."

"பதினோரு வருஷம்டி."

"அந்தப் பதினோரு வருஷமும் வரிசையில நின்னது யாரு? நீங்களா? நான். நின்னவ சொல்றேன், ஆன் பண்ணாதீங்க."

அவர் ஆன் செய்தார். அதற்குப் பிறகு அவர் வாழ்நாளில் எத்தனையோ முறை அந்த விரலை நீட்டிப் பார்த்திருக்கிறார். சாதாரண விரல்தான்.

மனைவி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டுத் தன் தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி வயர்மேன். இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு பெரிய கட்டடத்துக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான். கேட்ட மாத்திரத்தில் கத்தினான்.

"போனை மாமாகிட்ட குடு. மாமா! வாசனை வருதுன்னா உள்ள ஒயர் உருகுதுன்னு அர்த்தம். அதைப் போய் மறுபடி ஓட விட்டிருக்கீங்களே!"

"அவங்கதான் சொன்னாங்க மாப்ளே."

"அவங்க ஆயிரம் சொல்வாங்க. ரிமோட்ல அணைங்க. கீழ போய் மெயினை இறக்குங்க. இறக்கினதை மறுபடி ஏத்தாதீங்க. பிளக்கைக் கையால தொடாதீங்க, உருகியிருக்கும். அக்காவை அந்த ரூமை விட்டு வெளிய கொண்டு வாங்க. புகை வந்துச்சுன்னா யாரையும் கேக்காம தீயணைப்புக்கு அடிங்க. தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, கும்பிட்டுக் கேக்கறேன். நான் கிளம்பிட்டேன்."

இத்தனையும் ஒரே மூச்சில் சொன்னான். வாசனைப் பிரிவு தொடங்கிய பன்னிரண்டு வருஷமாக வாரியம் சொல்லாத விஷயம் அவ்வளவும் அந்த ஒரு மூச்சில் இருந்தது.

ரிமோட்டில் மறுபடி அணைக்க மட்டும், வீடு போய்விடுமே என்று பல்செட்டுக்காரருக்குத் துணிவு வரவில்லை. மனைவியைத் தூக்கப் பார்த்தார். மாவுக்கட்டோடு அவளை அசைக்க இரண்டு பேர் வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒருவர் தோள்பக்கம், ஒருவர் கால்பக்கம். தனியாக முயன்றதில் அவள் "ஐயோ" என்றாள், அவர் இடுப்பு "மளுக்" என்றது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். எதிர்வீட்டுக்காரர் நல்ல மனிதர். கதவை நாலு விரல் அகலத்துக்குத் திறந்தார்.

"ஒரு கை பிடிங்க அண்ணே, அவளை வெளிய கொண்டு வரணும். ஏ.சி. கருகுது."

"புகார் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்."

"பண்றதுக்கு முன்னாடி கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன் தம்பி. இப்ப வந்தா நான் சாட்சி. போன தடவை மூணாம் நம்பர் வீட்டுக்குச் சாட்சியாப் போனதுக்கு வாரியத்துல ஏழு தடவை இழுத்தடிச்சாங்க." கதவு மெதுவாக, மரியாதையாக மூடிக்கொண்டது.

கீழே ஓடினார். ஸ்விட்சு அறை வாசலில் சாவிக் காப்பாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாவி அவர் கழுத்தில் தொங்கியது. அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் பூட்டு.

"மூணாம் மாடி வீட்டு மெயினை இறக்கணும்ங்க."

"ரெண்டாம் படிவம் இருக்கா?"

"அது எங்க கிடைக்கும்?"

"தலைமை முகர்வாளர் முகர்ந்துட்டுக் குடுப்பார்."

"அதுக்குள்ள வீடு எரிஞ்சிடும்ங்க."

"எரிஞ்சா மூணாம் படிவம்," என்றார் காப்பாளர். நக்கல் இல்லை, தகவல்.

அவர் மறுபடி மூன்று மாடி ஏறும்போது மணி பன்னிரண்டு. கதவருகே ஒரு ஒல்லியான மனிதர் தோள்பையோடு நின்றிருந்தார். முகர்வு உதவியாளர். பையிலிருந்து ஒரு நோட்டையும் ஓர் எலுமிச்சம்பழத்தையும் எடுத்தார். பழத்தை முகர்ந்து மூக்கைச் சுத்தம் செய்துகொண்டார். பிறகு வலது துவாரத்தை மூடி இடதால் இழுத்தார், அது ஆய்வு. இடதை மூடி வலதால் இழுத்தார்; அது மறு ஆய்வு. அவர் முகம் மாறியது.

"இருக்கு சார்," என்றார் ரகசியமாக. "பலமா இருக்கு."

"அப்பாடா! எழுதுங்க."

"எழுதக் கூடாது. 'வாசனை இருப்பதாகச் சொல்லப்படுகிறது' வரைக்குந்தான் எனக்கு அதிகாரம். 'இருக்கிறது'ன்னு எழுத அய்யா வரணும்."

"உங்க மூக்கு சொல்லுதே."

"மூக்கு என்னுதுதான் சார். முகர்ந்தது அய்யாவுது."

அவர் அறையைச் சுற்றிப் பார்த்துப் பட்டியல் எழுதினார். கட்டில் ஒன்று, அலமாரி ஒன்று, திரைச்சீலை இரண்டு, நோயாளி ஒன்று.

"இவங்களைத் தூக்க ஒரு கை குடுங்க," என்றார் பல்செட்டுக்காரர்.

"பட்டியல் எழுதியாச்சே சார். அய்யா கையெழுத்துப் போடற வரைக்கும் பட்டியல்ல இருக்கற எதையும் நகர்த்தக் கூடாது. தவிர, குடியிருப்பவரைத் தொடறது எங்க கடமைப் பட்டியல்ல இல்ல."

"ஏன், நான் என்ன தேளா?" என்றாள் மனைவி.

உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சிடுங்கம்மா. பத்து வருஷமா இந்த வேலை. வீட்டுக்குப் போனா எங்க வீட்டம்மா சமையல் கூட எனக்கு இருப்பதாகச் சொல்லப்படற மாதிரிதான் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. ஏ.சி. குளிர்ந்த காற்றையும் சூடான வாசனையையும் சம அளவில் விட்டுக்கொண்டிருந்தது. பழுப்பு மூலை இப்போது கறுத்திருந்தது.

பன்னிரண்டே முக்காலுக்குத் தலைமை முகர்வாளர் வந்தார். பருத்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை, கையில் கைக்குட்டை. வாசலிலேயே மூன்று தும்மல் போட்டார். உள்ளே வந்து நாலாவது.

"அய்யாவுக்குச் சளியா?" என்று கேட்டாள் மனைவி.

"மூணு நாளா விடலம்மா."

"அப்புறம் எப்படி முகருவீங்க?"

அவர் புன்னகைத்தார். இதைவிடக் கஷ்டமான கேள்விகளைப் பதவி உயர்வு நேர்காணலில் சந்தித்தவர்.

"அம்மா, இந்தப் பதவிக்கு வந்தவன் மூக்கால முகர்றதில்ல. அனுபவத்தால முகர்றான். என் அனுபவத்துல சொல்றேன், நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வீட்டுல வாசனையே கிடையாது, வெறும் பயம். ஜனங்க பயத்தை முகர்ந்துட்டு எங்களைக் கூப்பிடறாங்க. இத்தனைக்கும் பன்னெண்டு வருஷத்துல எங்க பிரிவு கவனிச்ச எந்தப் புகாருலயும் ஒரு தீ விபத்து கூட நடந்ததில்ல. வேற எந்தப் பிரிவாவது சொல்லட்டும் பாப்போம்!"

"நிஜமாவா சார்?" என்றார் பல்செட்டுக்காரர். அந்த நிமிஷத்தில் அவருக்கு ஆறுதல் தேவைப்பட்டது.

"நிஜமாத்தான். தீ வந்த உடனே புகாரை முடிச்சிடுவோம். அப்புறம் அது தீப் பிரிவு கணக்கு."

உதவியாளர் நோட்டை நீட்டினார். தலைமை முகர்வாளர் ஏ.சி.யின் கீழே போய் நின்று கண்ணை மூடி நெடுமூச்சு இழுத்தார். மூக்குக்குள் ஏதோ 'களுக்' என்றது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"அய்யா, பிளக்கைப் பாருங்க. கறுத்திருக்கு," என்றார் பல்செட்டுக்காரர்.

"பார்க்கறது எங்க வேலையில்ல சார். நாங்க வாசனைப் பிரிவு. கறுத்ததைப் பார்க்க நிறப் பிரிவுன்னு ஒண்ணு ஏற்படுத்தணும்னு நானே எழுதியிருக்கேன், மேலிடத்துல கிடக்கு." கொஞ்சம் யோசித்தார். "சந்தேகத்தை உங்களுக்குச் சாதகமாவே எடுத்துக்கறேன். உச்சச் சோதனை வெச்சிடுவோம். குளிரைக் கடைசிக்குக் குறைங்க, காத்தை முழு வேகத்துல வைங்க. பதினைஞ்சு நிமிஷம். வாசனைன்னு ஒண்ணு இருந்தா அது தலைகாட்டியே ஆகணும்."

"வேண்டாம்!" என்றாள் மனைவி. "உங்க வீட்டம்மாவை இங்க கொண்டு வந்து படுக்க வெச்சிட்டு அப்புறம் வைங்க சோதனையை!"

"எங்க வீட்டுல ஏ.சி. கிடையாதும்மா," என்றார் அவர். "இந்தப் பிரிவுல வேலை பார்த்துட்டு எவனாவது ஏ.சி. வாங்குவானா?"

அவர் தானாகவே ரிமோட்டை எடுத்து அழுத்தினார். ஏ.சி. ஒரு முறை முக்கியது. பல்செட்டுக்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கையை உதறினாள். பிறகு அவளே பிடித்துக்கொண்டாள். நாலு நிமிஷம் ஒன்றும் இல்லை. ஐந்தாவது நிமிஷம் பிளக்குக்கு மேலே நூல் மாதிரி ஏதோ எழுந்தது.

"அய்யா, புகை!" என்றார் உதவியாளர்.

"புகைன்னு சொல்லாதே. புகை நம்ம பிரிவு இல்ல. யோசிச்சுச் சொல்லு, என்ன தெரியுது?"

உதவியாளர் யோசித்தார். "கண்ணுக்குத் தெரியற வாசனை அய்யா."

"அது சரி. எழுது."

அவர் 'கண்' என்று எழுதுவதற்குள் சுவரில் 'பட்' என்று ஒரு சத்தம். பிளக்கிலிருந்து ஒரு நீலப்பொறி துள்ளித் திரைச்சீலையில் விழுந்தது. திரையின் ஓரம் சிவந்து, சுருண்டு, பற்றிக்கொண்டது.

தலைமை முகர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு ஐம்பத்தாறு. வாசனைப் புகார் இத்தோட முடிஞ்சுது. இனிமே இது தீ. தீக்கு வேற எண்." பாதுகாப்பு விதியின்படி ஆபத்து நேரத்தில் அதிகாரிகள் முதலில் வெளியேற வேண்டும். அவர் விதியை மீறியதே இல்லை. அந்தப் பருத்த உடம்பு அவ்வளவு வேகமாகப் படியிறங்கும் என்று பார்த்தவர்கள்தான் நம்புவார்கள்.

பல்செட்டுக்காரர் மனைவியின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தார். "தூக்க முடியலடி," என்றார் அழுகுரலில். அப்போது கால்பக்கம் யாரோ மெத்தையைப் பிடித்தார்கள். உதவியாளர். நோட்டு தரையில் கிடந்தது, எலுமிச்சம்பழம் கட்டிலுக்கடியில் உருண்டு போயிருந்தது. இருவரும் மெத்தையோடு அவளைத் தூக்கி, கதவில் ஒருமுறை இடித்து, அவள் போட்ட கூச்சலோடு வெளியே கொண்டுவந்து, படிக்கட்டுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். படுக்கையறைக் கதவை இழுத்து மூடினார்கள்.

"இங்கயே இருங்க," என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டுப் பல்செட்டுக்காரர் கீழே பாய்ந்தார்.

"மெயின்! மெயினை இறக்குங்க!"

சாவிக் காப்பாளர் எழுந்து நின்றார். எழுந்து நின்றதே அவருடைய அதிகபட்ச உதவி. "மூணாம் படிவம்..."

சுவரில் சிவப்பாக ஒரு தீயணைப்பு உருளை தொங்கியது. உள்ளே காற்றுகூட இல்லை. கைப்பிடியை அழுத்தினால் ஒரு பெருமூச்சு வரும் என்பது கட்டடத்துக்கே தெரியும். பல்செட்டுக்காரர் அதைக் கழற்றினார். தலைக்கு மேல் தூக்கிப் பூட்டில் போட்டார். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் பூட்டு வாயைப் பிளந்தது. அந்த உருளை மாட்டிய நாளிலிருந்து தீயை அணைக்க உதவியது அன்றுதான்.

உள்ளே போய்த் தன் வீட்டு எண்ணைத் தேடி மெயினை இறக்கினார். பிறகு படியிலேயே உட்கார்ந்து, வாரியத்தின் எந்தப் பிரிவையும் கேட்காமல், தீயணைப்பு நிலையத்தை அழைத்தார். மேலே மனைவி போனில் கத்தியதைக் கேட்டு மச்சான் ஏற்கெனவே அழைத்திருந்தான். எட்டு நிமிஷத்தில் வண்டி வந்துவிட்டது. படிவம் கேட்கவில்லை, எண் கேட்கவில்லை. நேரே மேலே போனார்கள். பாதித் திரையும் ஒரு சுவரும் கருகியதோடு தீ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லாததாலும் கதவு மூடியிருந்ததாலும் வளர வழியில்லை. ஒரே பீய்ச்சலில் முடிந்தது.

"மெயினை யார் இறக்கினது?" என்று கேட்டார் வண்டித் தலைவர்.

பல்செட்டுக்காரர் பயந்துபோய்க் கையைத் தூக்கினார்.

"நல்ல காரியம் பண்ணினீங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா மாடியே போயிருக்கும்." தோளில் தட்டிவிட்டு அவர் தாளில் எழுதினார்: பெரிய தீ ஏதும் இல்லை.

அன்றைக்கு அவரிடம் யாரேனும் நல்ல வார்த்தை சொன்னது அந்த ஒரு முறைதான். எழுதிய தாளோ வேறு வேலைக்குப் பயன்பட்டது.

ஒன்பது நாள் கழித்து விசாரணை. நீள மேஜை. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். பக்கத்தில் தலைமை முகர்வாளர், சளி குணமாகி, பளிச்சென்று.

"வாசனை இருந்ததா?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"எனக்குத் தெரியவில்லை என்று அன்றே பதிவு செய்திருக்கிறேன்," என்றார் தலைமை முகர்வாளர்.

"உதவியாளர்?"

"இருந்ததாகச் சொல்லப்பட்டது அய்யா."

"யாரால்?"

உதவியாளர் பல்செட்டுக்காரரைப் பார்க்கவில்லை. "குடியிருப்பவரால்."

"சார், நீங்கதானே என்கிட்ட பலமா இருக்குன்னு சொன்னீங்க!" என்றார் பல்செட்டுக்காரர். "நீங்கதானே அவளைத் தூக்கினீங்க!"

"எனக்கு நினைவில்லை சார்." பல்செட்டுக்காரருக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டு என்ன செய்ய? அந்த மனிதர் இருப்பதும் வாரிய வீடுதான்.

"தீ?" என்றார் நடுவில் இருந்தவர்.

தீயணைப்பு நிலையத்தின் தாளை எடுத்து வாசித்தார்கள். பெரிய தீ ஏதும் இல்லை.

"பூட்டு?"

உடைந்த பூட்டு மேஜைமேல் வைக்கப்பட்டது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். அன்றைய விசாரணையில் எல்லாரும் கண்ணால் கண்ட ஒரே பொருள் அது. பார்த்ததும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி.

"இதுல சந்தேகத்துக்கே இடமில்ல," என்றார் நடுவில் இருந்தவர்.

"உடைக்காம விட்டிருந்தா என் பொண்டாட்டி செத்திருப்பா சார்."

"அப்படி நடந்திருந்தா உங்க புகார் ரொம்ப வலுவா இருந்திருக்கும்," என்றார் அவர், வருத்தத்தோடு. "உடைச்சுக் கெடுத்துக்கிட்டீங்க."

வீடு ரத்தானது. பதினைந்து நாள் அவகாசம். மனைவியை மச்சான் தன் வீட்டு முன்னறையில் படுக்க வைத்தான். "பதினோரு வருஷம்," என்று ஒருமுறை சொன்னாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்தது.

சாவியை ஒப்படைக்கும் நாளில் அவர் மட்டும் போனார். சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். கருகிய பிளக் மூடிக்குப் பதில் புது மூடி. அதன் மேல் புது முத்திரை. ஏ.சி. அதேதான். வாசனை நிரூபணமாகாததால் ஏ.சி.யில் பழுது இருக்க நியாயமில்லை. பழுது இல்லாததால் மாற்ற விதியில்லை.

வரிசையில் அடுத்து இருந்த தம்பதி வந்திருந்தார்கள். பதின்மூன்று வருஷம் காத்திருந்தவர்கள். கணவர் ஒரு அச்சகத்தில் தாள் வெட்டுகிறவர். மனைவி ஒவ்வொரு கதவாகத் திறந்து திறந்து மூடினாள். அலமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "இங்க பாருங்களேன், மூணு தட்டு!" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருக்க வேண்டும். கணவர் அலமாரியைப் பார்க்காமல் அவளையே பார்த்தார்.

"கருவியைச் சோதிச்சு, 'வாசனை இல்லை'ன்னு குடியிருப்பவர் கையெழுத்துப் போடணும்," என்றார் தலைமை முகர்வாளர். உதவியாளர் படிவத்தை நீட்டினார்.

"ஆன் பண்ணாதீங்க சார்," என்றார் பல்செட்டுக்காரர். தாள் வெட்டுகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ள ஒயர் உருகியிருக்கு. நான் பார்த்தேன். வேற ஆளை வெச்சுப் பிரிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. பார்க்காம ஓட விடாதீங்க."

"சரி," என்றார் தலைமை முகர்வாளர் அமைதியாக. "இவருக்கு ஆட்சேபணைன்னா கையெழுத்துப் போட வேண்டாம். யாரும் கட்டாயப்படுத்தல. வரிசையில அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கறோம்."

தாள் வெட்டுகிறவர் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"அவருக்கு வீடு போன வயித்தெரிச்சல் சார்," என்றார். "நீங்க ஆன் பண்ணுங்க."

ஏ.சி. ஓடத் தொடங்கியது. முதலில் குளிர்ந்த காற்று வந்தது. ஒரு நிமிஷம் கழித்து அது வந்தது. பல்செட்டுக்காரருக்குத் தொண்டையில் போய் ஒட்டியது.

அந்தப் பெண் கைக்குட்டையை எடுத்து, முகத்து வியர்வையைத் துடைப்பதுபோல மூக்கருகே வைத்துக்கொண்டாள். அந்தக் குளிரில் யாருக்கும் வியர்க்கவில்லை. "நல்ல குளிர்ச்சிங்க," என்றாள்.

"வாசனை ஏதாவது?" என்று கேட்டார் தலைமை முகர்வாளர். இன்று அவர் மூக்கு சுத்தமாக இருந்தது. கேட்டுவிட்டு உதட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் வரல சார்," என்றார் தாள் வெட்டுகிறவர். "உனக்கு?"

"எனக்கும் ஒண்ணும் வரலீங்க."

உதவியாளர் தலையைக் குனிந்து படிவத்தில் இடம் காட்டினார். கையெழுத்து விழுந்தது. பல்செட்டுக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தொழில் பழக்கத்தில் அவர் கண் முகத்தில் வாய்க்குத்தான் போகும். அறையில் இருந்த மற்ற நாலு பேரும் வாயைத் திறந்து, வாய் வழியாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.